பம்பை நீரும் கரிசற் காடும்

மேற்கு மலையில் பெய்து கேரளத்தின் வழியே ஓடி வேம்பநாட்டுக் காயலில் கலக்கும் பம்பை, அச்சன்கோவில் ஆகிய இரண்டு ஆறுகளின் நீரில் ஒரு பகுதியை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, வைப்பாற்று வடிநிலத்துக்குக் கொண்டுவருவது என்னும் திட்டத்தைப் பற்றி நம் சங்க அங்கத்தினர் பலரும் அறிவர். மழை பொய்க்கும் ஆண்டுதோறும் இப்பேச்சு எழும். தேர்தல் நெருங்கினால் இன்னும் உரக்க எழும். ஐப்பசியில் நல்ல மழை விழுந்துவிட்டால் அடங்கிவிடும். பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்து விவசாயிகளும் நெசவாளர்களும் இத்திட்டத்தை ஆதரித்துத் தீர்மானம் செய்ய வேண்டும் என்று சிலரும், நடவாத காரியத்துக்குத் தீர்மானம் எதற்கு என்று சிலரும் வாதிக்கின்றனர். எப்பக்கம் சேர்வதாயினும் விஷயத்தை அறிந்து சேர்வது நலம் எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

நாட்டின் ஆறுகளை இணைப்பதற்கான தேசியக் கண்ணோட்டத் திட்டம் 1980-இல் மத்திய அரசாங்கத்தால் வகுக்கப்பட்டது. அதனை ஆராய 1982-இல் தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை நிறுவப்பெற்றது. தென்னாட்டுக்கென அம்முகமை குறித்த பதினாறு இணைப்புகளுள் பம்பை–அச்சன்கோவில்–வைப்பாறு இணைப்பும் ஒன்று. இதன் சாத்தியக்கூறு அறிக்கை 1995-இல் முடிந்தது. அறிக்கையின்படி கேரளத்து மலைக்காட்டில் மூன்று அணைகள் எழும். பம்பையின் கிளையாகிய கல்லாற்றில் ஒன்று, அச்சன்கோவிலின் கிளையாகிய, அதே பெயருடைய வேறொரு கல்லாற்றில் ஒன்று, அச்சன்கோவில் ஆற்றில் ஒன்று. அங்கிருந்து சுரங்கவழியாக மலையைக் கடக்கும் நீர், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாயில் அடிவாரத்தை ஒட்டி ஓடும். ஆண்டொன்றுக்கு 63.4 கோடி கன மீட்டர், அதாவது 22 டி.எம்.சி.க்குச் சற்று மேற்பட்ட நீர் திருப்பப்படும். 91,400 ஹெக்டேர் நிலம் பாசனம் பெறும்; ஏக்கர்க் கணக்கில் இது இரண்டே கால் லட்சம். இடையில் 500 மெகாவாட் மின்சாரமும் கிடைக்கும் என்பது மதிப்பீடு.

மேற்கே ஓடும் நீரைக் கிழக்கே திருப்புவது புதுமையன்று. 1895-இல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாற்று அணை மதுரைச் சீமையின் பாதியைப் பசுமையாக்கிற்று. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் கோவைப் பகுதிக்கு வாழ்வளித்தது. ஆனால் இவ்விரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. பரம்பிக்குளத்தில் இரு மாநிலங்களும் வேலையை முன்னே நடத்திக்கொண்டே பேசி, 1970-இல் ஒப்பந்தம் எழுதி, அது 1958 நவம்பர் முதலே செல்லும் என்று வைத்துக்கொண்டன. பெரியாற்றிலோ அன்னியர் ஆட்சியில் எழுதிய குத்தகைப் பத்திரம். அதன் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 2014 மே மாதம் தீர்ப்பான பின்னரும் மனக்கசப்பு தீரவில்லை. இன்று புதிதாக ஒரு பத்திரம் எழுதுவதாயின், எதிர்ப்பக்கத்து ஜனங்களின் சம்மதமின்றி எழுத இயலாது.

அந்தச் சம்மதம் கிடைக்கவில்லை. கேரள அரசாங்கம் இத்திட்டத்தைத் தொடர்ந்து எதிர்த்தே வந்திருக்கிறது. “கடலுக்குத்தானே போகிறது, நமக்குக் கொடுத்தால் என்ன?” என்று நம்மவர் கேட்பது இயல்பே. எனினும் அவர்கள் சொல்வதையும் செவிமடுக்க வேண்டும். பம்பையும் அச்சன்கோவிலும் சென்று சேரும் குட்டநாடு, கடல் மட்டத்துக்கும் தாழ்வான வயல்களில் நெல் விளைக்கும் நாடு. அங்குள்ள உழவர் வரப்புக்கு அப்பால் உவர்நீரைக் கண்ணெதிரே கண்டுகொண்டே உழுபவர். ஆற்றில் நன்னீர் குறைந்தால் கோடையில் கடல்நீர் உள்ளே ஏறும். அதைத் தடுக்கவே தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டினார்கள். அந்த நாட்டின் விவசாய முறை 2013-இல் உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் பாரம்பரிய வேளாண்மைப் பட்டியலில் இடம் பெற்றது. இந்த ஆறுகளில் உபரி என்பதே இல்லை என்பது கேரளத்தின் வாதம். கோடையில் கீழ்ப்பகுதிக்கு ஓரளவு நீர் விடுவதாக அறிக்கை கூறுகிறது. அந்த உறுதியை அவர்கள் நம்பவில்லை. அணைகளால் மூழ்கும் காட்டைப் பற்றிய கவலையும் அவர்களுக்குண்டு. நம் கிணறு உவராகிவிடும் என்று ஒருவன் சொன்னால் நாம் எவ்வளவு பதறுவோமோ அவ்வளவு அவர்களும் பதறுகிறார்கள்.

2018 ஆகஸ்ட் மாதத்தில் பம்பை கரையை உடைத்துக்கொண்டு ஓடி, செங்கன்னூர் முதலிய ஊர்களை மூழ்கடித்ததை யாவரும் அறிவர். அப்போது நம் பக்கத்தில், “இந்த வெள்ளத்தையாவது தந்திருக்கலாமே” என்றார்கள். வெள்ளம் சில நாட்களில் வந்து போவது. சுரங்கமும் கால்வாயும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவிட்டு நீர் கொண்டுபோவன. பெருவெள்ளத்தின் மிகச் சிறு பகுதியையே அவற்றால் இழுக்க முடியும். வெள்ளத்தைக் காட்டி ஆண்டு முழுதும் உபரி என்று வாதிப்பது பலமான வாதமன்று; அதனால் நம் கட்சிக்கு நன்மையும் இல்லை.

நிற்க. திட்டம் அவ்வாறே நிறைவேறுவதாக வைத்துக்கொண்டு, நமக்கு வரும் பங்கைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 63.4 கோடி கன மீட்டரை 91,400 ஹெக்டேருக்குப் பங்கிட்டால் நிலத்தின் மேல் ஏறத்தாழ 69 சென்டிமீட்டர் நிற்கும். கால்வாயில் ஊறுவதும் ஆவியாவதுமாக மூன்றில் ஒரு பங்கு போயிற்றென்றால் வயலுக்கு 46 சென்டிமீட்டர். நெல்லுக்கு இது போதாது, பாதிக்கும் காணாது. பருத்திக்கும் சோளத்துக்கும் மழையோடு சேர்த்துத் தாராளம். ஆகவே இது புஞ்சைப் பயிருக்கான கால்வாய். ஆனால் வாய்க்கால் தலைப்பில் உள்ளவர் நெல்லும் வாழையும் கரும்பும் வைக்கத் தொடங்கினால் கடைமடைக்கு என்ன வந்து சேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வாசுதேவநல்லூர், சிவகிரி அடிவாரம் தலைப்பு, நாம் கடைமடை. அதிலும் பாஞ்சாலங்குறிச்சி வைப்பாற்றுக்குத் தெற்கே விலகிக் கிடக்கிறது. கிளைக்கால் ஒன்று தனியே வெட்டினாலன்றி அங்கே சொட்டும் வாராது. 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கும்பினியார், 1801 யுத்தம் முடிந்தபின் கோட்டையை இடித்து, ஊர்ப்பெயரையே கணக்கிலிருந்து நீக்கினர் என்பது வரலாறு. கணக்கிலும் படத்திலும் பெயர் விடுபடுவதன் பொருளை இவ்வூரார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயக்கட்டு வரைபடத்தில் எந்தெந்தக் கிராமம் இருக்கிறது என்பதே நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டாவது கேள்வி மண்ணைப் பற்றியது. இதைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை. ஆதலின் சற்று விரித்துச் சொல்கிறோம். கரிசல் நனைந்தால் விரியும், உலர்ந்தால் வெடிக்கும். கோடையில் ஆட்டுக்குட்டியின் கால் புகும் அளவு வெடிப்பு விழுவதைப் பார்த்திருக்கிறோம். நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும் இக்குணத்தினால்தான் புரட்டாசி, ஐப்பசி மழையை உண்டு தை, மாசி வரை பருத்தி நிற்கிறது. அதே குணத்தினால், மேலே மேலே நீர் பாய்ச்சினால் வடியாது. அடியிலுள்ள உப்பு நீரோடு மேலே ஏறி நிலம் பொரிந்து போகும். பம்பாய் மாகாணத்தில் 1885-இல் நீரா ஆற்று இடதுகரைக் கால்வாய் திறந்தார்கள். கரிசலில் கரும்பு வைத்துத் தண்ணீரை வாரி இறைத்தார்கள். சில பத்தாண்டுகளில் நல்ல நிலம் பெரும்பகுதி சதுப்பாகவும் உவராகவும் மாறி, வடிகால் வெட்டிச் சீர்செய்ய வேண்டியதாயிற்று. ஆகவே வாய்க்காலுக்கு எவ்வளவு பணமோ, அதற்கு ஈடாக வடிகாலுக்கும் பணம் ஒதுக்கப்பட வேண்டும். கால்வாயின் சிமெண்டுப் பூச்சையும் கரிசல் சும்மா விடாது. விரிந்து சுருங்கி உடைத்துவிடும். விரியாத வேறு மண்ணை அடியில் கனமாகப் பரப்பிய பிறகே பூச வேண்டும். செலவு ஏறும் என்பதற்காக இதை விட்டுவிட்டால், பத்து ஆண்டில் கால்வாய் இருக்கும், நீர் இராது.

காலம் என்ன ஆகும்? நம் மாவட்டத்தின் தென்பகுதியில் தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு வெள்ளநீர்க் கால்வாயை 2009-இல் தொடங்கினார்கள். எழுபத்தைந்து கிலோமீட்டர் நீளம். ஒரே மாநிலத்துக்குள் உள்ள வேலை. அண்டை மாநிலத்தின் சம்மதம் வேண்டுவதன்று. அது சோதனை ஓட்டத்துக்கு வந்தது 2024-இல். நமக்கு வடக்கே காவிரி–வைகை–குண்டாறு கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர், 14,400 கோடி ரூபாய் மதிப்பீடு. கர்நாடகம் உச்ச நீதிமன்றம் சென்றிருக்கிறது. இவற்றை ஒப்பிட்டால், பம்பை நீர் இன்று முடிவானாலும் அதைக் காண்போர் நம் பேரப்பிள்ளைகளாக இருக்கலாம். கால்வாய் வருகிறது என்ற பேச்சை நம்பி மோட்டாருக்கும் தோட்டத்துக்கும் கடன் வாங்க எண்ணும் அங்கத்தினர்கள் இதைக் கருத்தில் கொள்வார்களாக.

கைக்கெட்டும் நீர் சிலவும் உண்டு. சிவகிரி மலைமேல் செண்பகவல்லி அணையின் உடைந்துபோன பகுதி சீர்செய்யப்படாமல் கிடப்பதால், கிழக்கே வர வேண்டிய நீர் மேற்கே போகிறது என்று அப்பக்கத்து உழவர் பல பத்தாண்டுகளாக முறையிடுகிறார்கள். இதுவும் இரு மாநில விவகாரமே. எனினும் புதிய அணை கட்டுவதன்று, பழையதைப் பழுது பார்ப்பது. பெரிய இணைப்பைக் கேட்பவர்கள் இந்தச் சிறியதை முதலில் கேட்டு முடித்தால், பேசுவதற்கு ஒரு வழக்கமாவது இரு தரப்பிலும் உண்டாகும்.

அதனினும் அருகில் இருப்பவை நம் கண்மாய்களும் ஊருணிகளும். 2017-இல் குடிமராமத்து மீண்டும் தொடங்கிய பின் சிற்சில கண்மாய்கள் உருப்பட்டன. பலவற்றில் வரத்துக்கால் சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கிறது. கரையை மட்டும் உயர்த்தி வரத்துக்காலை மறந்த வேலை, வாய் தைத்த குடத்தை நன்றாகத் துலக்கி வைத்ததற்கு ஒப்பாகும். வருஷத்துக்கு ஏறத்தாழ 700 மி.மீ. மழை நமக்கும் பெய்கிறது. அது ஐந்தாறு பெருமழைகளாகக் கொட்டி ஓடிவிடுவதே குறை. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் இம்மண்ணையே ஆராய்ந்து வருகிறது. கோடை உழவு, சரிவுக்குக் குறுக்கே பாத்தி, விதையைக் கடினப்படுத்தி மழைக்கு முன்னே விதைத்தல், ஓட்டத்தைத் தேக்கும் பண்ணைக்குட்டை என அது சொன்னவை பல. ஒரு குட்டை நீரால் பூக்கும் தருணத்தில் ஒரே தண்ணீர் கொடுத்தால் பருத்தியோ உளுந்தோ பிழைத்துவிடும். கரிசலுக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த ஒரு தண்ணீரே.

நெசவாளர் அங்கத்தினருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். விளைச்சல் இல்லாத ஆண்டில் கிராமத்துச் சந்தையில் சேலை விற்காது என்பதை அவர்களே அறிவர். சாயத்துக்கும் கஞ்சிக்கும் மென்னீர் வேண்டும். கரிசற் கிணற்று உவர்நீரில் சாயம் சீராகப் பிடிப்பதில்லை. ஆதலின் கால்வாய் நீரில் குடிநீர்க்கும் தறித்தெருவுக்கும் பங்கு எழுத்தில் வேண்டும் என்று அவர்கள் கேட்பது நியாயமே. இன்னொன்று: நிலத்தடி நீர் மேலெழுந்தால் குழித்தறியின் குழியில் ஈரம் ஏறும், மழைக்காலத்தில் இப்போதே காலை நனைத்துக்கொண்டு நெய்பவர் உண்டு. வடிகால் வேண்டும் என்று விவசாயியோடு சேர்ந்து கேட்க வேண்டியவர் நெசவாளரும் ஆவர்.

தீர்மானம் செய்வதாயின் அதில் இவை இடம்பெற வேண்டும் என்பது நம் கருத்து: ஆயக்கட்டுக் கிராமங்களின் பட்டியலைத் தமிழில் வெளியிடுதல், கடைமடைக்கு முதல் முறை நீர் விடுதல், கட்டுமானத்தோடு வடிகாலையும் முடித்தல், குட்டநாட்டுக்குக் கோடை நீரை அளவுகோல் வைத்து உறுதி செய்தல். கடைசியது நமக்கெதற்கு என்பாருக்கு, அது இல்லாமல் கேரளம் கையெழுத்திடாது என்பதே விடை. கேரளத்தாரை வைது எழுதும் வாசகம் ஒன்றும் அதில் வேண்டாம்.

நிலம் எடுக்க வருவாராயின், 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் பொதுவாக விதிக்கும் சமூகத் தாக்க மதிப்பீடு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேண்டப்படும் பாசனத் திட்டங்களுக்குப் பொருந்தாது. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முப்பது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அங்கே எழுத்தறியாதவரும் எழுந்து வாயால் சொல்லலாம், சொன்னது பதிவாக வேண்டும். நீர் வந்தபின் பங்கீட்டை நடத்துவது 2000-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் அமையும் பாசனம் பெறுவோர் சங்கம். அதில் ஓட்டுரிமை பாசன நிலமுடையோர்க்கு. ஆகையால் பட்டாவில் இன்னும் பாட்டனார் பெயரே இருக்கும் அங்கத்தினர்கள் இந்தக் கோடையிலேயே தாலுகா அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுத்துவிடுவது நல்லது. கண்மாய் வண்டல் எடுப்பதற்கான அனுமதி மனுவையும் அதனுடன் சேர்த்தே கொடுக்கலாம். புரட்டாசி பிறந்தபின் வண்டி கண்மாய்க்குள் இறங்காது.