குருவைக் கும்பிடுவதா, குருவழி நடப்பதா?

மதத் தலைவர்கள் பலர் இம்மண்ணில் தோன்றினர், மறைந்தனர். அவர்கள் பெயரால் மடங்கள் எழுந்தன. மடங்களுக்கு நிலபுலங்கள் சேர்ந்தன. நிலபுலங்களுக்காக வழக்குகள் வளர்ந்தன. இவற்றையெல்லாம் கூட்டிக் கணக்கிட்டு, ‘இவரே பெரியவர், அவரே மகான்’ என்று பட்டம் சூட்டுவோர் உண்டு. நமது கணக்கு வேறு. ஒருவர் வந்ததால் மக்களுக்குத் திறந்த கதவு எத்தனை? ஊமையாய்க் கிடந்தோர் எத்தனை பேர் வாய் திறந்தனர்? இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு பார்த்தால், நம் கண்முன் ஓங்கி நிற்பவர்களில் ஒருவர் நாராயண குரு.

கடவுள் பற்றிய கொள்கையில் அவருக்கும் நமக்கும் வேறுபாடு உண்டு. அதை மறைக்கவேண்டிய தேவை நமக்கில்லை. ஆனால், அடிமைப்பட்ட மக்களை நிமிர வைத்தவர் காவி உடுத்தியவர் என்பதற்காக அவரைப் பாராட்ட மறுக்கும் சிறுமதியும் நமக்கில்லை.

திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஈழவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அன்றைய திருவிதாங்கூரின் நிலை என்ன? ஈழவர் கோயிலுக்குள் நுழைய முடியாது. கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கவும் கூடாது. படித்தால் போதும், இழிவு போகும் என்பார்களே, அதுவும் பொய்த்த நாடு அது. சென்னையில் மருத்துவம் படித்துத் திரும்பிய டாக்டர் பல்புவுக்குச் சொந்தச் சமஸ்தானம் வேலை தர மறுத்தது. மைசூர் சமஸ்தானம் அழைத்து வேலை தந்தது. நோய் தீர்க்கும் கைக்கும் தீட்டு உண்டு என்று கருதிய அரசை என்னென்பது!

அந்த நாட்டில்தான், 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று, அருவிப்புறத்தில் அந்தப் புரட்சி நடந்தது. நெய்யாற்றில் இறங்கினார் குரு. ஒரு கல்லை எடுத்து வந்தார். அதையே சிவனென்று நிறுவினார். வேதியர் இல்லை, ஆகமம் கற்ற தந்திரி இல்லை. ‘ஈழவன் சிவனைப் பிரதிஷ்டை செய்வதா?’ என்று வைதீகம் சீறியது. தாம் நிறுவியது ஈழவச் சிவனைத்தானே என்று அமைதியாக விடையளித்தாராம் குரு. வாளெடுக்காமல், வசைபாடாமல், ஆயிரமாண்டு ஆணவத்தை அடித்து வீழ்த்திய விடை அது!

கல்லோடு அவர் நின்றுவிடவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. காரமுக்கில் சிலைக்குப் பதில் விளக்கை வைத்தார். முருக்கும்புழையில் சத்தியம், தருமம், தயை, சாந்தி என்ற சொற்களை வைத்தார். 1927-இல் களவங்கோட்டில் ஒரு கண்ணாடியையே வைத்தார். கும்பிட வந்தவன் கண்டது தன் முகத்தை! கல்லில் தொடங்கி மனிதனிடம் வந்து சேர்ந்த பயணம் அது. இனிக் கோயில்கள் வேண்டா, பள்ளிக்கூடங்களே கோயில்கள் என்றும் அறிவுறுத்தினார். கள்ளை விலக்கச் சொன்னார். கடன்பட்டுச் செய்த வீண் சடங்குகளை நிறுத்தச் சொன்னார்.

தமிழுக்கும் அவர் உறவினர். தமிழில் பதிகங்கள் பாடியவர். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் தந்தவர். இன்றைய நமது குமரி மாவட்டத்து மருத்துவாழ்மலையில் தவமிருந்தவர்.

1924-இல் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போர் மூண்டது. தம் மடத்தின் இடத்தையே போராளிகள் தங்குவதற்குத் தந்தார் குரு. தமிழகத்திலிருந்து சென்ற தந்தை பெரியார், அப்போரில் இருமுறை சிறை புகுந்தார். ஒருவர் துறவி, ஒருவர் பகுத்தறிவாளர். பாதை வேறு, பகை ஒன்று! 1925-இல் காந்தியார் சிவகிரிக்கு வந்தபோது, ஒரே மரத்து இலைகள் ஒன்றுபோல் இல்லையே என்று மாமரத்தைக் காட்டி வேற்றுமை பேசினார். இலைகளைக் கசக்கிச் சுவைத்தால் சாறு ஒன்றுதானே என்று குரு மடக்கினார். அவ்வாண்டு நவம்பரில் போர் முடிந்தபோதும் மூன்று பக்கத் தெருக்களே திறந்தன. கிழக்குத் தெரு திறக்கவில்லை. 1928-இல் குரு மறைந்தார். கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-இல். தாம் தட்டிய கதவு திறந்ததைக் காண அவர் இல்லை.

அவர் விட்டுச்சென்றது என்ன? 1903-இல், அவரைத் தலைவராகவும் கவிஞர் குமாரன் ஆசானைச் செயலாளராகவும் கொண்டு எழுந்தது ஸ்ரீநாராயண தரும பரிபாலன யோகம். அந்த யோகத்திலேயே சாதிப் பற்று தலைதூக்குவதைக் கண்டு மனம் வருந்தி, அதை விட்டு விலகுவதாக 1916-இல் டாக்டர் பல்புவுக்கு எழுதினார் குரு. தமக்குச் சாதியில்லை என்று அதே ஆண்டில் அறிவிக்கவும் செய்தார். தம் பெயரைத் தாங்கிய அமைப்பையே தட்டிக்கேட்ட தலைவர்கள் எத்தனை பேர்?

இன்று அவரையும் ‘சனாதனி’ என்று சொந்தம் கொண்டாட ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. 2024 டிசம்பர் 31 அன்று சிவகிரி மாநாட்டில், ஆடவர் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் செல்லும் வழக்கம் ஒழியவேண்டும் என்றார் மடத்தின் தலைவர் சச்சிதானந்த சுவாமி. பூணூல் இருக்கிறதா என்று பார்க்க வந்த வழக்கம் அது என்றும் சொன்னார். உடனே எதிர்ப்புக் குரல்! 2025 மார்ச்சில் இன்னொரு காட்சி. இரிஞ்ஞாலக்குடா கூடல்மாணிக்கம் கோயிலில், முறைப்படி தேர்வு பெற்று மாலை கட்டும் பணிக்கு வந்தார் ஈழவர் ஒருவர். தந்திரிகள் எதிர்த்தனர், அவர் அலுவலக வேலைக்கு மாற்றப்பட்டார். சிவனையே நிறுவிய கைக்குச் சொந்தக்காரரின் நாட்டில், பூத்தொடுக்கும் கைக்கும் தீட்டாம்!

அயலாரைச் சுட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவில்லை. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக 1970-இல் கலைஞர் ஆட்சி சட்டம் கண்டது. 2021-இல் பயிற்சி பெற்றோர் பணியமர்த்தப்பட்டனர். இடையே ஐம்பதாண்டு! வழக்கு மன்றப் படிகளில் கழிந்த ஆண்டுகள் எத்தனை! சட்டம் எழுதுவது ஒரு நாள் வேலை. சாதியை மனத்திலிருந்து எடுப்பது தலைமுறை வேலை. அந்த வேலை நம்மிடமும் மிச்சமிருக்கிறது.

குருவுக்குச் சிலை வைப்பது எளிது. விழா எடுப்பது அதனினும் எளிது. களவங்கோட்டில் அவர் வைத்த கண்ணாடிமுன் நின்று, தன் முகத்தில் சாதியின் கறை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கடினம். அந்தத் துணிவு உடையவரே குருவின் வாரிசு என்போம். மற்றையோர், அவர் படத்துக்கு மாலை போடுவோர் மட்டுமே!