கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்: லேசர் கண் சிகிச்சையின் நன்மையும் இடரும்

"அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருக்கிறோம் டாக்டர். அதற்குள் இவளுக்குக் கண்ணாடியை எடுத்துவிட வேண்டும்."

எங்கள் கண் மருத்துவப் பிரிவுக்குத் தம் 22 வயது மகளை அழைத்து வந்த தாய் ஒருவர், நாற்காலியில் அமரும்போதே சொன்ன சொற்கள் இவை. மகளுக்கு இரு கண்களிலும் மைனஸ் 5 அளவில் கிட்டப்பார்வை. கண்ணாடி அணிந்தால் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை தடையின்றிப் படித்தார். வெளித்தோற்றத்தில் கண்களில் ஒரு குறையும் இல்லை. ஆயினும், கருவிழியின் வளைவை அளக்கும் டோப்போகிராபி பரிசோதனையில், இடது கருவிழியின் கீழ்ப்பகுதி இயல்பைவிடச் செங்குத்தாக வளைந்திருப்பது தெரிந்தது. லேசர் சிகிச்சை செய்ய இயலாது என்று கூறினோம். தாயின் முகம் வாடியது. மகள் அழுதுவிட்டார்.

அன்று அவ்விருவருக்கும் அரைமணி நேரம் செலவிட்டு விளக்கியவற்றையே இங்கு விரிவாக எழுதுகிறோம். லேசர் சிகிச்சையை நாடி வரும் ஒவ்வொருவரும், அவர்களுடன் வரும் குடும்பத்தாரும் இவற்றை அறிந்திருப்பது நல்லது.

லேசர் என்ன செய்கிறது?

கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடிபோல் அமைந்துள்ள ஒளிபுகும் படலமே கருவிழி. அதன் நடுப்பகுதியின் தடிமன் ஏறக்குறைய 540 மைக்ரான். அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு ஒளிக்கதிர்கள் விழித்திரைக்கு முன்னதாகவே குவிந்துவிடுகின்றன. கருவிழியின் நடுப்பகுதியைச் சிறிதளவு செதுக்கித் தட்டையாக்கினால், அக்கதிர்கள் விழித்திரைமேல் சரியாகக் குவியும். லேசர் சிகிச்சையின் அடிப்படை இவ்வளவே.

193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்ஸைமர் லேசர், உயிர்த்திசுவை வெப்பத்தால் கருக்காமல் நுட்பமாகச் செதுக்கவல்லது என்பது 1981-இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது. அதைக் கண்டறிந்த மூவருள் ஒருவரான ரங்கசாமி சீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்.

இன்று மூன்று முறைகள் பரவலாகக் கையாளப்படுகின்றன. 'லாசிக்' முறையில், கருவிழியின் மேற்பரப்பில் மெல்லிய மடல் ஒன்றை வெட்டி, புத்தகத்தின் அட்டையைத் திறப்பதுபோல் திறந்து, அடியிலுள்ள திசுவை லேசரால் செதுக்கியபின் மூடிவிடுவோம். 'பி.ஆர்.கே.' முறையில் மடல் கிடையாது. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு நேரடியாகச் செதுக்குவோம். 'ஸ்மைல்' முறையில், கருவிழியின் உள்ளேயே வில்லை வடிவில் ஒரு திசுத்துண்டை லேசரால் பிரித்து, சிறு துளை வழியே வெளியே எடுப்போம். மூன்றுக்கும் தனித்தனி நன்மைகளும் குறைகளும் உண்டு. எது புதியது என்பதைவிட, எந்தக் கண்ணுக்கு எது பொருந்தும் என்பதே முதன்மையான கேள்வி.

தராசின் இரு தட்டுகள்

கண்புரை முற்றியவர் அறுவை சிகிச்சையைத் தவிர்த்தால் பார்வையை இழப்பார். அங்கே சிகிச்சை செய்யாமல் இருப்பதும் ஓர் இடரே. லேசர் சிகிச்சையின் நிலை வேறு. இதற்கு வருபவரின் கண் பெரும்பாலும் நலமான கண். கண்ணாடி அணிந்தால் முழுப் பார்வையும் உள்ள கண். சிகிச்சையைத் தள்ளிப்போட்டாலோ, செய்யாமலே விட்டாலோ அவர் எதையும் இழப்பதில்லை. ஆகவே, பிற சிகிச்சைகளில் ஏற்கத்தக்கதாகத் தோன்றும் சிறு இடரைக்கூட இங்கே இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

நன்மைத் தட்டையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். தகுதியான கண்களில் இச்சிகிச்சை மிக நல்ல பலன் தருகிறது. செய்துகொண்டோரில் மிகப் பெரும்பாலோர் மனநிறைவு அடைகின்றனர். கான்டாக்ட் லென்ஸை நெடுங்காலம் அணிவதும் இடரற்றதன்று. தூய்மை தவறினால் கருவிழியில் கடுமையான தொற்று உண்டாகலாம். மழையிலும் வெயிலிலும் வெளிவேலை செய்பவர்க்கும், விளையாட்டு வீரர்க்கும் கண்ணாடியிலிருந்து கிடைக்கும் விடுதலை பெரிய நிம்மதிதான்.

அடிக்கடி காணப்படும் பக்க விளைவுகள்

முதலாவது, கண் உலர்வு. கருவிழியில் நுண்ணிய நரம்புகள் அடர்ந்துள்ளன. கண்ணீர் சுரக்கவேண்டும் என்ற செய்தியை அனுப்புபவை அவையே. சிகிச்சையின்போது அவற்றில் பல அறுபடுவதால், கண்ணில் மணல் விழுந்ததுபோன்ற உறுத்தலும் எரிச்சலும் தோன்றும். பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் இது படிப்படியாகக் குறைந்துவிடும். சிலருக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் நீடித்து, தொடர்ந்து சொட்டு மருந்து தேவைப்படும். நாள் முழுதும் குளிரூட்டிய அறையில் கணினி முன் அமர்ந்திருப்போர் இதைக் கூடுதலாக உணர்வர்.

இரண்டாவது, இரவுப் பார்வைக் கோளாறுகள். விளக்கைச் சுற்றி ஒளிவளையம், எதிரே வரும் வாகனத்தின் ஒளியில் கூச்சம், ஒளி நட்சத்திரம்போல் சிதறித் தெரிதல் முதலியன இவ்வகையின.

இவை குறித்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பிற அமைப்புகளோடு சேர்ந்து நடத்திய 'ப்ரௌல்' ஆய்வுகளின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. சிகிச்சைக்கு முன் பார்வைத் தொல்லை ஏதும் இல்லாதிருந்தவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், மூன்று மாதங்களுக்குப் பின் ஒரு புதிய தொல்லையையாவது குறிப்பிட்டனர். முன்பு கண் உலர்வு இல்லாதவர்களில் 28 விழுக்காடு வரை புதிதாக அதை உணர்ந்தனர். அதே ஆய்வில் 95 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் தம் பார்வை குறித்து மனநிறைவு தெரிவித்தனர். அன்றாட வேலைகளுக்குப் பெரிய இடையூறு ஏற்பட்டதாகச் சொன்னவர்கள் 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

இவ்வெண்களைச் சேர்த்தே படிக்கவேண்டும். சிறு தொல்லைகள் பலருக்கும் வரும். அவற்றைப் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. மிகச் சிலருக்கு அவை வாழ்வைப் பாதிக்கும். அந்தச் சிலருள் ஒருவர் இரவு முழுதும் சரக்கு லாரி ஓட்டுபவராக இருந்தால், மற்றவர்க்குச் சிறிதாகத் தெரியும் ஒளிவளையம் அவருக்கு வயிற்றுப்பாட்டைப் பாதிக்கும் செய்தியாகிவிடும். உங்கள் தொழில் என்ன என்று நாங்கள் முதலிலேயே கேட்பது இதனால்தான்.

அரிதெனினும் கடுமையானவை

எங்களை மிகவும் அஞ்சவைப்பது, சிகிச்சைக்குப் பின் கருவிழி வலுவிழந்து மெல்ல முன்னோக்கிப் பிதுங்கும் 'எக்டேசியா' என்னும் நிலை. இது அரிது. ஆனால், வந்துவிட்டால் பார்வை கண்ணாடியால் சரிசெய்ய முடியாத அளவுக்குக் குலையும். ரிபோஃப்ளேவின் சொட்டு மருந்தும் புற ஊதாக் கதிரும் கொண்டு கருவிழியை உறுதிப்படுத்தும் கிராஸ் லிங்க்கிங் சிகிச்சையும், சிறப்பு கான்டாக்ட் லென்ஸும், சில வேளைகளில் கருவிழி மாற்று அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம்.

இதைத் தவிர்க்க நாங்கள் போடும் கணக்கு எளியது. லாசிக் மடலுக்கு 110 மைக்ரான் என்று கொள்வோம். ஒவ்வொரு டயாப்டர் பவரைக் குறைக்கவும் ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரான் திசுவைச் செதுக்கவேண்டும். 540 மைக்ரான் கருவிழியில் 6 டயாப்டரைக் குறைத்தால், மடலுக்கு அடியில் சுமார் 346 மைக்ரான் எஞ்சும். 480 மைக்ரான் கருவிழியில் 8 டயாப்டரைக் குறைத்தாலோ, எஞ்சுவது 258 மைக்ரான் மட்டுமே. 250-க்குக் கீழே போகக்கூடாது என்பது மரபான எல்லை. 300 மைக்ரானாவது எஞ்சவேண்டும் எனப் பல மருத்துவர்கள் கருதுகின்றனர். தடிமன் போதுமானதாக இருந்தாலும், கருவிழி கூம்பு வடிவம் கொள்ளும் கெரட்டோகோனஸ் நோயின் தொடக்க அறிகுறி இருந்தால் லேசர் கூடவே கூடாது. அந்த இளம்பெண்ணின் கண்ணில் நாங்கள் கண்டது அதைத்தான்.

இவையன்றி, தொற்று, மடலுக்கு அடியில் அழற்சி, அடிபட்டால் மடல் இடம்பெயர்தல் ஆகியவையும் அரிதாக நேர்வதுண்டு. பி.ஆர்.கே. முறையில் முதல் சில நாட்களுக்கு வலி கூடுதலாக இருக்கும்; சிலருக்குக் கருவிழியில் மங்கல் படியலாம்.

லேசரால் மாறாதவை

நாற்பது வயதை ஒட்டி வரும் வெள்ளெழுத்து, லேசர் செய்துகொண்டவர்களுக்கும் வரும். செய்தித்தாள் படிக்கக் கண்ணாடி தேவைப்படும். கிட்டப்பார்வையால் நீண்டுபோன கண்பந்து நீண்டபடியேதான் இருக்கும். எனவே விழித்திரை கிழிதல், விலகுதல் போன்ற ஆபத்துகள் மறைவதில்லை; ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை தொடரவேண்டும். மெலிந்த கருவிழியில் கண் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும் என்பதால், கண்ணழுத்த நோய் கவனத்திலிருந்து தப்பவும் வாய்ப்புண்டு. பின்னாளில் கண்புரைக்காக வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடுவதும் கடினமாகும். ஆகவே, சிகிச்சைக்கு முன் எடுத்த அளவுகளின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். இருபதாண்டுகளுக்குப் பின் உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கு அது பேருதவியாகும்.

யார் பொறுத்திருக்க வேண்டும்?

18 வயது நிரம்பாதவர்கள், கடந்த ஓராண்டில் பவர் அரை டயாப்டருக்கு மேல் மாறியவர்கள், கருவுற்ற தாய்மார்கள், பாலூட்டும் தாய்மார்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோயுள்ளவர்கள், கடும் கண் உலர்வு உள்ளவர்கள், முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை உட்கொள்பவர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். உட்கொள்ளும் மருந்துகளையும், குடும்பத்தில் எவருக்கேனும் கெரட்டோகோனஸ் இருப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மென்மையான கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பும், கெட்டியான லென்ஸ் அணிபவர்கள் மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பும் அவற்றை நிறுத்தவேண்டும். லென்ஸ் கருவிழியின் வடிவத்தை மாற்றிவைத்திருந்தால் எங்கள் அளவுகள் தவறிவிடும். காவல்துறை, இராணுவம் போன்ற பணிகளுக்கு விண்ணப்பிக்க எண்ணுவோர், லேசர் சிகிச்சை குறித்து அப்பணிக்கான அறிவிக்கை என்ன சொல்கிறது என்பதை முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

கையெழுத்திடுவதற்கு முன் கேளுங்கள்

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இக்கேள்விகளைக் கேட்பது உங்கள் உரிமை:

என் கருவிழியின் தடிமன் எவ்வளவு? சிகிச்சைக்குப் பின் எவ்வளவு எஞ்சும்? டோப்போகிராபி முடிவு இயல்பாக உள்ளதா? எனக்கு எம்முறையைப் பரிந்துரைக்கிறீர்கள், ஏன்? கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் போன்ற மாற்றுவழி எனக்கு ஏற்றதா? பவர் மீண்டும் சிறிது திரும்பினால் என்ன செய்வீர்கள்? தொல்லை நீடித்தால் யாரைச் சந்திக்க வேண்டும்?

இவற்றுக்குப் பொறுமையாக விடை கிடைக்காத இடத்தில் அவசரப்பட வேண்டாம். குறித்த நாளுக்குள் முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியோடு இம்முடிவை எடுப்பதும் நன்றன்று. தம்பதியராகவோ, பெற்றோரும் பிள்ளையுமாகவோ வரும்போது, சிகிச்சை செய்துகொள்பவரின் விருப்பம் உண்மையில் என்ன என்பதை நாங்கள் தனியே கேட்பதும் வழக்கம்.

அந்தத் தாயும் மகளும் ஆறு மாதங்களுக்குப் பின் மறுபரிசோதனைக்கு வந்தனர். மகளின் கழுத்தில் புதிய தாலி. முகத்தில் அதே கண்ணாடி. கண்ணைக் கசக்கும் பழக்கத்தை நாங்கள் சொன்னபடி விட்டிருந்தார். கருவிழியின் அளவுகளில் மாற்றமில்லை. கிராஸ் லிங்க்கிங் இப்போதைக்குத் தேவைப்படவில்லை. "மாப்பிள்ளையும் கண்ணாடிதான் டாக்டர்" என்றார் தாய், சிரித்தபடி. அடுத்த ஆறு மாதத்துக்குத் தேதி குறித்து அனுப்பினோம்.