மூன்று 'சி' மாணவர்கள் இல்லாமல் அணி இல்லை

அமெரிக்காவின் அகாடமிக் டெகாத்லான் போட்டியில் ஒரு பள்ளி முழு பலத்துடன் இறங்க வேண்டுமானால், அதன் அணியில் சுமாராகப் படிக்கும் மூன்று பேர் இருந்தே தீர வேண்டும். இது சலுகை அல்ல, விதி. ஒன்பது பேர் கொண்ட அணியில் மூவர் 'ஏ' கிரேடு மாணவர்கள், மூவர் 'பி', மூவர் 'சி'. கணக்காகச் சொன்னால், நான்குக்கு 3.75க்கு மேல் சராசரி வைத்திருப்பவர்கள் 'ஹானர்', மூன்றிலிருந்து அதுவரை 'ஸ்காலஸ்டிக்', மூன்றுக்குக் கீழே 'வார்சிட்டி'. இங்கே நான் எழுதும் ஆண்டுகளில் அதுதான் எல்லைக்கோடு.

ஒவ்வொரு பிரிவிலும் அதிக மதிப்பெண் எடுத்த இருவரின் கணக்குதான் அணிக்குச் சேரும். ஒருவருக்கு 10,000 புள்ளி, ஆறு பேருக்கு 60,000. அதில் சரியாக மூன்றில் ஒரு பங்கு 'சி' மாணவர்கள் கையில். வகுப்பில் முதல் மூன்று ரேங்க் வாங்குபவர்களைப் பொறுக்கி மேடையேற்றும் நம் வழக்கம் அங்கே செல்லாது. மூன்று மேதைகள் இருந்தாலும் மற்ற ஆறு பேர் சோடையானால் அந்தப் பள்ளி மாவட்டத்தைக்கூடத் தாண்டாது.

அமெரிக்கப் பள்ளி வினாடி வினா என்றாலே பலருக்கும் நினைவில் வருவது பஸ்ஸர். 1953இல் வானொலியில் தொடங்கிய 'காலேஜ் பவுல்', 1961இல் வாஷிங்டன் தொலைக்காட்சியில் தொடங்கி மேக் மெக்கேரி என்ற ஒரே மனிதர் அரை நூற்றாண்டு நடத்திய 'இட்ஸ் அகாடமிக்' இரண்டிலும் விரல் வேகத்துக்கு மவுசு. அகாடமிக் டெகாத்லான் வேறு ரகம். கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்டியில் கல்வி அதிகாரியாக இருந்த ராபர்ட் பீட்டர்சன் 1968இல் தொடங்கியது. தேசிய அளவுக்கு வளர்ந்தது 1982இல். கலை, பொருளாதாரம், இலக்கியம், கணிதம், இசை, அறிவியல், சமூக அறிவியல் என ஏழு எழுத்துத் தேர்வுகள். கூடவே கட்டுரை, மேடைப் பேச்சு, நேர்காணல். எல்லாம் முடிந்த பிறகு, கூடைப்பந்து மைதானம் போன்ற அரங்கில், பெற்றோரும் தோழர்களும் பள்ளிக்கொடி பிடித்துக் கத்த, 'சூப்பர் குவிஸ்'. கேள்வியைச் சத்தமாக வாசிப்பார்கள், சில நொடிகளில் விடையைக் குறித்துவிட வேண்டும், யாருக்கு எத்தனை சரி என்பது அங்கேயே கூட்டத்துக்குத் தெரிந்துவிடும்.

இந்தப் போட்டியின் வரலாற்றில் நின்று பார்க்க வேண்டிய பெயர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மேற்கு ஓரத்தில் வுட்லண்ட் ஹில்ஸ் பகுதியில் இருக்கும் எல் கமினோ ரியல் உயர்நிலைப் பள்ளி. 1998இல் முதல் தேசியப் பட்டம். பிறகு 2001, 2004, 2005, 2007, 2010, 2014. கட்டணம் வாங்கும் தனியார் பள்ளியோ, நுழைவுத் தேர்வு வைத்து வடிகட்டும் பள்ளியோ அல்ல. அந்தப் பகுதிப் பிள்ளைகள் படிக்கிற பெரிய பொதுப்பள்ளி.

வேடிக்கை என்னவென்றால், அதே வுட்லண்ட் ஹில்ஸில் டாஃப்ட் என்று இன்னொரு பள்ளி. அதற்கு 1989, 1994, 2006 என மூன்று தேசியப் பட்டங்கள். இரண்டுமே அப்போது ஒரே கல்வி மாவட்டம் என்பதால் ஆண்டுதோறும் முதல் மோதல் உள்ளூரிலேயே நடக்கும். அதில் பிழைத்தால் மாநிலப் போட்டி. அங்கே பக்கத்து வெஞ்சுரா கவுன்டியிலிருந்து மூர்பார்க் பள்ளி காத்திருக்கும். 1999, 2003, 2008, 2009 பட்டங்கள் அதனுடையவை. தேசியப் போட்டிக்கோ அப்போது மாநிலத்துக்கு ஓர் அணிதான். ஆகவே நாட்டிலேயே இரண்டாவது சிறந்த அணி பல ஆண்டுகளில் கலிஃபோர்னியாவிலேயே தோற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் என்பது என் கணிப்பு. 2003 முதல் 2016 வரை பதினான்கு ஆண்டும் கோப்பை கலிஃபோர்னியாவை விட்டு நகரவில்லை என்பதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். அந்தப் பதினான்கில் பதினொன்று ஒரே சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கின் எல் கமினோ ரியல், டாஃப்ட், கிரானடா ஹில்ஸ் என்ற மூன்று பள்ளிகளுக்குப் போனது.

எல் கமினோ ரியலின் ரகசியம் என்ன? உழைப்பு என்று சொல்லிவிடலாம். பள்ளி விட்ட பிறகு இரவு வரை படிப்பு, சனிக்கிழமை படிப்பு, விடுமுறையிலும் படிப்பு. ஆனால் இது எல்லாப் பெரிய அணிகளும் செய்வதுதான். சாமர்த்தியம் வேறு இடத்தில் இருக்கிறது: நல்ல 'சி' மாணவரைக் கண்டுபிடிப்பதில்.

அமெரிக்கப் பள்ளியில் கிரேடு என்பது ஆண்டிறுதித் தேர்வு ஒன்றால் மட்டும் வருவதல்ல. வீட்டுப்பாடம், செய்முறை, வகுப்பில் நடந்துகொள்வது என்று பலதும் சேர்ந்து வருவது. மூளைக்காரப் பையன் வீட்டுப்பாடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நூலகத்தில் தனக்குப் பிடித்ததைப் படித்துக்கொண்டிருந்தால் அவனுக்கு 'சி'தான். குடும்பச் சிக்கலில் ஓராண்டு கோட்டைவிட்ட பெண்ணுக்கும் 'சி'தான். இப்படிப்பட்டவர்களைப் பயிற்சி ஆசிரியர்கள் வலைவீசித் தேடுகிறார்கள். வலுவான அணிகளில் 'வார்சிட்டி' மாணவர் 'ஹானர்' மாணவரைச் சில தேர்வுகளில் மிஞ்சுவதும் உண்டு. இதைக் குறுக்கு வழி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிரேடு அட்டை தவறவிட்ட பிள்ளையைத் தேடிப்போக ஓர் ஆசிரியருக்குக் காரணம் கிடைக்கிறது என்றால் அந்த விதி வேலை செய்கிறது என்றுதான் பொருள்.

கோப்பையின் மீதுள்ள வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் இந்தப் போட்டியிலேயே சாட்சி உண்டு. சிகாகோவின் ஸ்டைன்மெட்ஸ் பள்ளி 1995இல், ஆண்டாண்டாக வென்றுவந்த விட்னி யங் பள்ளியைத் தோற்கடித்து இல்லினாய் மாநிலப் பட்டம் வென்றது. மதிப்பெண்கள் நம்ப முடியாத உயரத்தில் இருந்ததால் மறுதேர்வு எழுதச் சொன்னார்கள், மாணவர்கள் மறுத்தார்கள். கேள்வித்தாள் முன்கூட்டியே கைக்கு வந்திருந்தது பிறகு அம்பலமானது. பட்டம் பறிபோனது. 2000இல் எச்.பி.ஓ. அதைப் படமாகவே எடுத்தது. வசதியில்லாத பள்ளி, வசதியுள்ள பள்ளி என்ற கோபம் அதற்குப் பின்னால் இருந்தது உண்மை. திருடிய கேள்வித்தாளுக்கு அது நியாயம் ஆகாது.

எனக்கு இந்தப் போட்டியின் மீதுள்ள குறை வேறு. ஒவ்வோர் ஆண்டும் ஒரு தலைப்பு: ஓராண்டு சீனா, ஓராண்டு பிரெஞ்சுப் புரட்சி, ஓராண்டு முதல் உலகப் போர். கலையும் இசையும் இலக்கியமும் பெரும்பாலும் அதைச் சுற்றியே. அமைப்பே கையேடு அச்சிட்டு விற்கிறது. எழுத்துத் தேர்வுக் கேள்விகளில் பெரும்பகுதி அதிலிருந்துதான். கணிதம் தவிர மற்றவற்றில் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் ஐம்பது கேள்வி. யோசிக்க நேரமில்லை, நினைவில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கையேட்டைத் தலைகீழாகச் சொல்பவன் ஜெயிப்பான். மனப்பாடக் கல்வி நம் ஊருக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்கள் கலிஃபோர்னியாவுக்கு ஒரு நடை போய்வரலாம். மூச்சுவிட இடம் தருவது பேச்சும் நேர்காணலும்தான். ஒரே நிமிடம் தயாரித்து இரண்டு நிமிடத்துக்குள் பேசி முடிக்க வேண்டிய திடீர்ப் பேச்சில் எந்தக் கையேடும் கைகொடுக்காது.

2010இல் ஒமாஹாவில் ஆறாவது பட்டம் வென்ற எல் கமினோ ரியல், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் மூர்பார்க்குக்கு வழிவிட வேண்டியிருந்தது. அதற்குப் பிந்தைய மூன்று ஆண்டுகள், 2011 முதல் 2013 வரை, அதே பள்ளத்தாக்கின் கிரானடா ஹில்ஸ் பள்ளி தொடர்ந்து வாரிக்கொண்டது. 2014இல் ஹொனலுலுவில் முதல் உலகப் போரைப் படித்துக் கோப்பையை மீட்டது எல் கமினோ ரியல். மறு ஆண்டே அது மீண்டும் கிரானடா ஹில்ஸுக்குப் போனது.

2015-16ஆம் ஆண்டின் தலைப்பு இந்தியா. லாஸ் ஏஞ்சல்ஸின் 'ஏ' மாணவர்களும் 'சி' மாணவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து நம் நாட்டைப் பற்றி மாதக்கணக்கில் படித்தார்கள். அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் நடந்த அந்த ஆண்டுத் தேசியப் போட்டியிலும் கிரானடா ஹில்ஸ்தான் வென்றது.