அறிதுயில் சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுத்தல்

வங்காளத்தின் ஹூக்ளி நகரில் 1845-ஆம் ஆண்டு ஜேம்ஸ் எஸ்டெயில் என்னும் அறுவை மருத்துவர், நோயாளிகளைத் துயில் போன்ற ஒரு நிலையில் ஆழ்த்தி, வலியின்றிப் பெருங்கட்டிகளை அகற்றலானார். ஈதர் முதலிய மயக்க மருந்துகள் அறுவைக்கு வழங்கத் தொடங்காத காலம் அது. துயிலில் ஆழ்த்தும் வேலையை அவர் பெரும்பாலும் உதவியாளர்களிடமே விட்டுவிட்டார். கத்தியை மட்டும் தாமே எடுத்தார். ஹிப்னாடிஸம் எனப்படும் அறிதுயிலை வருவிக்கும் வித்தையை ஓரளவு பயிற்சியால் பலரும் கற்றுக்கொள்ளலாம். நோயை அறியும் அறிவு அவ்வாறு வருவதன்று.

ஆகவே இச்சிகிச்சையை நாடுவோர் முதலில் வினவ வேண்டியது ஒன்றே: அறிதுயில் இல்லாமலும் என் நோய்க்குச் சிகிச்சை செய்யத் தகுதியுடையவரா இவர்? 2003-ஆம் ஆண்டு மத்திய சுகாதார அமைச்சகம் அறிதுயிலைத் தனியொரு வைத்திய முறையாக ஏற்கவில்லை. உரிய பயிற்சி பெற்றோர் கையாளத்தக்க சிகிச்சை வழியாகவே ஏற்றது. சுவரில் தொங்கும் சான்றிதழ்களை எண்ணிப் பயனில்லை. மருத்துவராயின் மருத்துவ மன்றப் பதிவையும், மருத்துவ உளவியலாளராயின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவையும் கேட்டறிதல் வேண்டும். கேட்டதற்குச் சினப்பவரை விட்டு விலகுவதே நன்று.

நல்ல சிகிச்சையாளர் முதல் நாளில் துயிலைப் பற்றிக் குறைவாகவே பேசுவார். நோயின் வரலாற்றையே விரிவாகக் கேட்பார். காரணம் அறியாத தலைவலியை அடக்கிவிட்டால், உள்ளே வளரும் கட்டி மறைந்து நிற்கக்கூடும். இல்லாத குரல்கள் கேட்பதாகக் கூறுவோரை அவர் மனநோய் மருத்துவரிடம் அனுப்புவார்.

மறந்த நினைவுகளை மீட்டுத் தருவேன் என்பவரிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. அறிதுயிலில் எழும் நினைவுகள் சாதாரண நினைவுகளைவிட நம்பத்தக்கவை அல்ல என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு 1985-இல் அறிவித்தது. கற்பனை கலந்துவிடும், கூறுபவரின் உறுதியோ வளர்ந்துவிடும். நிகழாத கொடுமைக்காகப் பெற்றோர்மீது பழி சுமத்தப்பட்டு மேனாட்டில் குடும்பங்கள் சிதைந்ததுண்டு. முற்பிறவியைக் காட்டுவோம் என்னும் விளம்பரங்களைப் பற்றித் தனியே கூற வேண்டுமா?

பல் மருத்துவத்தில் தோன்றும் அச்சம், சிலவகைக் குடற்கோளாறுகள், வலி ஆகியவற்றில் இம்முறை பயன் தருவதுண்டு. குடற்கோளாறுகளுக்கு வாரம் ஒருமுறையாகப் பல வாரங்கள் பிடிக்கும். ஒரே நாளில் குணம் என்று உறுதி கூறி, முழுக் கட்டணத்தையும் முன்னதாகவே கேட்பவரிடம் பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடலாம்.