ஒரு கூடை உருளைக்கிழங்கு

அயர்லாந்து என்றதும் புனித பத்ரிசியாரும் பச்சைப் புல்வெளிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நாட்டுச் சிற்றூர்களின் ஏழை இல்லங்களில் அக்காலத்தில் என்ன உண்டனர் என்பதைச் சற்றே காண்போம்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்களது அன்றாட உணவு உருளைக்கிழங்கே. கடினமாக உழைக்கும் ஆடவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிலோவுக்கும் மேல் உண்டார். கிழங்கைத் தோலோடு வேகவைத்து, கூடையில் கொட்டி நீரை வடிப்பர். அக்கூடையை இரும்புப் பானையின் மேல் வைத்து, குடும்பத்தார் அனைவரும் சுற்றி அமர்வர். கையால் தோலுரித்து, உப்புத் தொட்டு உண்டு, மோர் பருகுவர். வாசலில் வந்து நின்ற இரவலருக்கும் அக்கூடையில் பங்கு உண்டு.

அவர்கள் ஓட்ஸ் பயிரிட்டனர், வெண்ணெய் கடைந்தனர், பன்றி வளர்த்தனர். ஆனால் அவை சந்தைக்குச் சென்றன. நிலக்கிழாருக்குரிய குத்தகைப் பணம் அவற்றிலிருந்தே வரவேண்டியிருந்தது. வெண்ணெய் போக எஞ்சிய மோரே வீட்டிற்கு. சிறு துண்டு நிலத்தில் ஒரு குடும்பத்தின் பசியாற்றவல்ல பயிர் வேறு இல்லாமையால், கிழங்கு ஒன்றையே நம்பினர்.

1845இல் அப்பயிரை நோய் தாக்கியது. மறு ஆண்டு விளைச்சல் ஏறத்தாழ முழுவதும் அழிந்தது. சில ஆண்டுகளுக்குள் சுமார் 10 இலட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். அந்நாட்களிலும் துறைமுகங்களிலிருந்து தானியமும் வெண்ணெயும் வெளிநாடு சென்றன என்பதே நெஞ்சைச் சுடும் உண்மை.

பஞ்சத்திற்குப் பின் தேநீரும் ரொட்டியும் மெல்ல இடம்பெற்றன. கோதுமை மாவில் ஆப்பசோடாவும் மோரும் சேர்த்துப் பிசைந்து, மேலே சிலுவைக் குறி கீறுவர். அக்கீறல் உட்புறம் நன்கு வேகவும் உதவியது. சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரிமண் கட்டிகளே அவர்களது எரிபொருள். மாவை இரும்புச் சட்டியிலிட்டு, அடியிலும் மூடியின் மீதும் தணல் இட்டுச் சுடுவர்.

தவக்காலத்தில் இறைச்சியை மட்டுமன்றி, பல வீடுகளில் பால், வெண்ணெய், முட்டை ஆகியவற்றையும் விலக்கினர். கிழங்கோடு உப்பிட்ட மீன் துண்டே கறியாயிற்று. குறைவாக உண்டவர்களே ஒருசந்தியும் காத்தனர்!

உணவின்முன் நாம் நன்றி செபம் சொல்லும்போது ஒன்றை எண்ணுவோம்: இவ்வுணவை விளைவித்தவரின் தட்டிலும் இன்று உணவு இருக்கிறதா?