பலிபீடத்தை மறைத்த பிரபுக்கள்

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் பாட்டஸ்ஃபோர்ட் என்றொரு கிராமம். அங்குள்ள புனித மரியாள் தேவாலயத்தின் ஊசிக்கோபுரம் 200 அடிக்கு மேல் உயரம். வயல்வெளியில் வெகுதூரத்திலிருந்தே கண்ணில் படும். உள்ளே போய்க் கிழக்கே பார்த்தால்தான் சங்கடம். பலிபீடம் முழுசாகத் தெரியாது. குறுக்கே ரட்லண்ட் பிரபுக்கள் படுத்திருக்கிறார்கள், மனைவியரோடு.

பக்கத்திலுள்ள பீவர் கோட்டையின் சொந்தக்காரர்களான மேனர்ஸ் குடும்பத்தார் இவர்கள். முதலாம் பிரபு தொடங்கி எட்டாமவர் வரை எல்லோருக்கும் இங்கே நினைவுச்சின்னம் உண்டு. முதலாம் பிரபுவின் காலம்வரை பெருங்குடும்பங்கள் மடாலயங்களில் அடக்கமாவதையே விரும்பின. துறவிகள் தினமும் ஆன்மாவுக்காக ஜெபிப்பார்களே! மன்னர் எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடாலயங்களைக் கலைத்தார். அந்த நிலங்களில் நல்ல பங்கு முதலாம் பிரபு தாமஸின் கைக்கு வந்தது. நிலம் வந்தது சரி, முன்னோர் துயின்ற மடம் போயிற்று. 1414-இலும் 1421-இலும் இறந்த முன்னோர் இருவரின் சிலைகள் பீவர் மடத்திலிருந்து இந்த ஊர்க் கோயிலுக்கு இடம்பெயர்ந்தன. 1543-இல் தாமஸும் இங்கேயே வந்து சேர்ந்தார்.

அவருடைய கல்லறையைச் செதுக்கியவர் பர்ட்டன் ஊரின் ரிச்சர்ட் பார்க்கர். கல், அலபாஸ்டர். ஜிப்சத்தின் நயமான வகை இது. டெர்பிஷயர், ஸ்டாஃபோர்ட்ஷயர் பக்கம் வெட்டி எடுத்தார்கள். நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மென்மையானது. அதனால்தான் மோதிரம், சங்கிலி, அங்கியின் மடிப்பு எல்லாவற்றையும் கத்தி முனையிலேயே கொண்டுவர முடிந்தது. ஆனால் மழை ஆகாது, தண்ணீர் மெல்ல அரித்துவிடும். கூரைக்குக் கீழேதான் வைக்க வேண்டும். புனிதர் சிலைகளும் பலிபீடப் பலகைகளும் செய்து பிழைத்த சிற்பிகளுக்கு, மதச் சீர்திருத்தம் அவற்றைத் தடைசெய்தபோது சோறு போட்டவை இந்தக் கல்லறைகளே. சிலைகள் இன்று வெளிறித் தெரிந்தாலும், அன்று சிவப்பும் பொன்னுமாக வண்ணம் பூசி வைத்தார்கள்.

இரண்டாம் பிரபு ஹென்றியின் கல்லறைதான் விசித்திரம். குடம்போல் உருண்ட கால்கள் கொண்ட பெரிய சாப்பாட்டு மேசை ஒன்று; அதன் அடியில் கணவனும் மனைவியும் படுத்திருக்க, மேசைமேல் பிள்ளைகள் மண்டியிட்டு ஜெபிக்கிறார்கள். அடியில் இருப்பவர்களின் முகத்தைப் பார்க்க நாம்தான் குனிய வேண்டும்.

மூன்றாம், நான்காம் பிரபுக்கள் சகோதரர்கள். 1587-இல் ஒருவர், 1588-இல் அடுத்தவர் என்று ஓராண்டுக்குள் போய்விட்டார்கள். இரண்டு கல்லறைகளும் ஒரே பட்டறையில் தயாராயின. தேம்ஸ் நதியின் தென்கரையில் சதர்க்கில் குடியேறிய நெதர்லாந்துக்காரர் ஜெரார்ட் ஜான்சனின் பட்டறை அது. ஸ்ட்ராட்ஃபோர்டில் உள்ள ஷேக்ஸ்பியரின் நினைவுச்சிலையும் ஜான்சன் குடும்பத்தின் கைவேலை என்றே சொல்லப்படுகிறது. 1591-இல் கற்களைக் கப்பலேற்றி இங்கிலாந்தின் பாஸ்டன் துறைமுகத்தில் இறக்கி, அங்கிருந்து வண்டிகளில் கொண்டுவந்து பொருத்தினார்கள்.

இத்தகைய கல்லறைகளைப் படிப்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. குழந்தையின் கையில் மண்டையோடு இருந்தால், அது பெற்றோருக்கு முன்பே இறந்துவிட்டது என்று பொருள். ஆறாம் பிரபு ஃபிரான்சிஸின் கல்லறை கூரையை எட்டும் உயரம். இரண்டு மனைவியருக்கு நடுவே அவர் படுத்திருக்க, மண்டையோடு ஏந்திய சிறுவர் இருவர் அங்கே இருக்கிறார்கள். இருவரும் சூனியத்தால் இறந்தார்கள் என்று கல்வெட்டு ஒளிக்காமல் சொல்கிறது.

கோட்டையில் வேலை பார்த்து நீக்கப்பட்ட மார்கரெட், அவள் சகோதரி ஃபிலிப்பா, தாய் ஜோன் ஃபிளவர் ஆகியோர்மேல் பழி விழுந்தது. மூத்த பையனின் கையுறையைத் திருடி, வெந்நீரில் நனைத்து, ரட்டர்கின் என்ற பூனையின் முதுகில் தேய்த்தார்களாம்! ‘நான் குற்றவாளியானால் இந்த ரொட்டி என் தொண்டையில் இறங்காது’ என்று சொல்லிக் கடித்த ஜோன் அங்கேயே உயிர்விட்டாள் என்று 1619-இல் அச்சான துண்டுப்பிரசுரம் சொல்கிறது. மகள்கள் இருவரையும் அந்த ஆண்டு மார்ச்சில் லிங்கனில் தூக்கிலிட்டார்கள்.

தேதிகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மூத்தவன் இறந்தது 1613-இல். இளையவன் இறந்ததோ 1620 மார்ச்சில், அந்தப் பெண்கள் தூக்கிலேறி ஓராண்டு கழித்து. அவன் உடல் இருப்பதும் இங்கே அல்ல, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில். சாகக் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த தகப்பனுக்கு இதையெல்லாம் கணக்குப் பார்க்கத் தோன்றியிருக்காது. ஆனால் கல்லில் ஏறிய குற்றச்சாட்டுக்கு மேல்முறையீடு கிடையாது; எதிர்த்தரப்புக்கு ஒரு கல்கூட யாரும் நட்டுவைக்கவில்லை.

ஏழாம், எட்டாம் பிரபுக்கள் படுக்கவே இல்லை. ரோமானிய உடையில் எழுந்து நிற்கிறார்கள். மரச் செதுக்கலில் பேர்போன கிரின்லிங் கிப்பன்ஸின் பட்டறையில் உருவானவர்கள் இவர்கள். என் கண்ணுக்கு, பழைய அலபாஸ்டர் மனிதர்களுக்கு முன்னால் இவர்கள் நாடக வேஷம்தான். ஒன்பதாமவர் 1703-இல் டியூக் ஆனார். 19-ஆம் நூற்றாண்டில் குடும்பம் கோட்டை வளாகத்திலேயே தனிக் கல்லறை மாளிகை எழுப்பிக்கொண்டது. டியூக்குகளை அங்கேதான் தேட வேண்டும்.