மருந்துண்ணாமையும் சமூகமும்: காசநோய்ச் சிகிச்சை வரலாறு தரும் விளக்கம்

வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தை நோயாளர் பலர் விதித்தவாறு உட்கொள்வதில்லை என்பது புதிய செய்தியன்று. மருந்துண்டதாக நோயாளர் பொய்யுரைப்பதுண்டு என்னும் எச்சரிக்கை, கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியிலேயே காணப்படுகிறது. நீண்டகால நோய்களுக்கான மருந்துகளை விதிப்படி உட்கொள்வோர் வளர்ச்சியடைந்த நாடுகளிற்கூடச் சராசரியாக அரைவாசியினரே என உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. எனவே இதனை வறிய நாடுகளின் கல்லாமையால் விளைந்த குறைபாடெனக் கொள்வது பொருந்தாது.

எனினும் இதற்கு வழமையாகக் கூறப்படும் விளக்கம் ஒன்றே: நோயாளி அறியாதவன், அறிந்தாலும் சொற்கேளாதவன். இவ்விளக்கம் எவ்வளவு தூரம் ஏற்புடையது என்பதைக் காசநோயை எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்குவாம். மருந்தை இடையில் நிறுத்துவதன் விளைவு இந்நோயிற் போல வேறு நோய்கள் பலவற்றில் அத்துணை வெளிப்படையாகத் தெரிவதில்லை.

நோயின் இயல்பு

வழமையான காசநோய்ச் சிகிச்சை ஆறு மாதங்கள் நீடிப்பது. முதல் இரு மாதங்கள் நான்கு மருந்துகளும், எஞ்சிய நான்கு மாதங்கள் இரு மருந்துகளும் கொடுக்கப்படுகின்றன. சில வாரங்களிலேயே காய்ச்சலும் இருமலும் தணிகின்றன, உடல் தேறுகிறது. ஆனால் மெல்லப் பெருகும் கிருமிகள் சில மருந்துக்குத் தப்பி உடலுள் எஞ்சியிருக்கின்றன. அவற்றை அழிப்பதற்கே பின்வரும் மாதங்கள் வேண்டப்படுகின்றன. இடையில் நிறுத்தினால் நோய் மீளும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றவும் கூடும்.

இங்கு ஒரு முரண்பாடு உண்டு. நோயின் துன்பம் இருக்கும்வரை மருந்துண்பது எளிது. துன்பம் நீங்கிய பின்னர் குளிசையே துன்பமாகின்றது. குமட்டல் உண்டாகிறது, ரிபாம்பிசினாற் சிறுநீர் செந்நிறமடைகிறது. இது தீங்கற்றது என முன்னரே கூறப்படாத நோயாளி, மருந்து 'சூடு' என்றும் இரத்தத்தைக் கெடுக்கிறது என்றும் கருதி அதனை விடுவது அவருடைய அனுபவத்தின்படி நியாயமான முடிபேயாகும். பத்தியத்தையும், சூடு குளிர்ச்சி என்னும் பாகுபாட்டையும் அடிப்படையாகக் கொண்ட ஒரு மருத்துவ மரபில் வளர்ந்தவர், மருந்தின் தாக்கத்தைத் தமது உடலைக் கொண்டே அளக்கிறார். அதனை மூடநம்பிக்கை என ஒதுக்குவதால் வைத்தியருக்கு ஆவது ஒன்றுமில்லை.

சென்னை ஆய்வுகள்

1950களின் நடுப்பகுதிவரை காசநோயாளர் மலைப்புற நிலையங்களிலோ தனி மருத்துவமனைகளிலோ மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறவேண்டும் என்பதே பொதுக் கருத்தாக இருந்தது. வறிய நாடுகளின் நோயாளர் தொகைக்கு அவ்வளவு படுக்கைகளை அமைத்தல் இயலாது. இந்நிலையில் 1956இல் சென்னையில் ஒரு சிகிச்சை ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன அதிற் பங்குகொண்டன. நகரின் வறிய பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளர் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவினராக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மருத்துவமனையில் நல்லுணவுடனும் ஓய்வுடனும், மறுபிரிவினர் நெருக்கடி மிக்க தம் வீடுகளிலிருந்தவாறும் ஒரே மருந்தை ஓராண்டு உட்கொண்டனர். 1959இல் வெளியான முடிவுகளின்படி இரு பிரிவினரும் குணமடைந்த அளவில் வேறுபாடு சிறிதே. வறுமையிலும் மருந்து பயன் தரும் என்பது இதனால் நிறுவப்பட்டது.

ஆனால் இம்முடிவு தானாக வந்ததன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. மருந்து இலவசம். நோயாளர் முறையாக நிலையத்துக்கு அழைக்கப்பட்டனர். வராதவரைத் தேடி ஊழியர் வீடு சென்றனர். சிறுநீர்ப் பரிசோதனையாலும், முன்னறிவிப்பின்றிச் சென்று குளிசைகளை எண்ணுவதாலும் மருந்துண்டமை கணிக்கப்பட்டது. இவ்வாறு எண்ணியபோதுதான், நோயாளர் கூற்றுக்கும் உண்மைக்கும் இடையே இருந்த இடைவெளி தெளிவாயிற்று. இந்நிலையத்தின் தொடக்கப் பணிகளை வழிநடத்திய வலஸ் பொக்ஸ் இப்பிரச்சினையைத் தனியே எடுத்து ஆராய்ந்தவர். அதன் தொடர்ச்சியாக, வாரம் இருமுறை ஊழியர் முன்னிலையில் மருந்து கொடுக்கும் முறை சென்னையில் ஆராயப்பட்டு 1964இல் வெளியிடப்பட்டது. 1990களில் உலக சுகாதார நிறுவனம் பரப்பிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர்களுள் இதுவும் ஒன்று.

கண்காணிப்பா, துணையா?

கண்முன்னே விழுங்கச் செய்வது ஒன்றே தீர்வாகுமா? தென்னாபிரிக்காவில் 1998இலும் பாகிஸ்தானில் 2001இலும் வெளியான ஒப்பீட்டு ஆய்வுகளில், கண்காணிக்கப்பட்டோர் தாமே மருந்துண்டோரைவிடச் சிறந்த பயன் பெற்றமை காணப்படவில்லை. கண்காணிப்பு நோயாளியின் ஐயத்தையும் பசியையும் போக்குவதில்லை.

ஹெயிற்றியின் கிராமப்புறத்திற் போல் பார்மரும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு இன்னும் ஒரு படி மேற்செல்கிறது. 1991இல் வெளியான அவ்வாய்வில் இரு பிரிவினருக்கும் மருந்து இலவசமாகவே கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் மாதந்தோறும் சிறு பண உதவியும், உணவும், கிராமச் சுகாதாரத் தொண்டரின் வருகையும் கிடைத்தன. இப்பிரிவினர் குணமடைந்த அளவு மற்றப் பிரிவினரைவிட மிக உயர்ந்தது. நோய் சூனியத்தால் வந்தது என நம்பியவருக்கும் நம்பாதவருக்கும் இடையே மருந்துண்பதில் வேறுபாடு காணப்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. தடையாக நின்றது நம்பிக்கையன்று, வறுமையே.

நம் நாட்டு நிலை

இலங்கையின் இலவச மருத்துவ சேவை மருந்தின் விலை என்னும் தடையைப் பெருமளவு தளர்த்தியது. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும் அந்நோக்கில் எழுந்ததே. எனினும் இலவச மருந்துக்கும் ஒரு விலை உண்டு. தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கு உழைக்கும் பெண் கிளினிக்குக்குச் செல்லும் நாளில் சம்பளத்தை இழக்கிறார். பேருந்துக் கட்டணமும் சேர்கிறது. மருந்தினால் நோய் தணியப் பசி மீளுகிறது. அப்பசிக்கு உணவில்லையெனில் மருந்தே குற்றவாளியாகிறது. மருந்துறையில் எழுதப்பட்டது அவர் அறியாத மொழியிலிருப்பின் அறிவுரை வெறும் காகிதமே. நோய் வெளிப்பட்டால் மகளின் திருமணம் தடைப்படும் என்னும் அச்சம், சிகிச்சை அட்டையையே மறைக்கச் செய்கிறது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் நாடெங்கும் பல மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, மருந்துண்ணாமை முற்றிலும் நோயாளியின் தெரிவு அன்று என்பதை நாம் எல்லோரும் கண்டோம்.

முடிவுரை

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தின் உறுப்புகளாக நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் என நான்கினைக் கொள்கிறது. நவீன மருத்துவ நிறுவனம் முதல் மூன்றினையும் பேணி, நான்காவதைக் குடும்பத்தின் தலையிலோ விதியின் தலையிலோ சுமத்திவிட்டது. சென்னை நிலையத்தின் ஊழியரும் ஹெயிற்றியின் கிராமத் தொண்டரும் அந்த நான்காவது இடத்தை நிரப்பியவர்களே.

ஆகவே சிகிச்சை அட்டையில் 'தவறியவர்' எனக் குறிக்குமுன் நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. அவருக்குப் புரியும் மொழியில் யாரேனும் விளக்கினாரா? கிளினிக் நாளில் அவர் இழந்த சம்பளம் எவ்வளவு? வீட்டில் உணவிருந்ததா? இரண்டாம் மாதத்தின் பின்னர் அவரைத் தேடிச் சென்றவர் யார்? இவற்றுக்கு விடை காணாதவரை, தவறியவர் யார் என்னும் வினாவும் முடிவுறாததாகவே இருக்கும்.